வாய் திறக்காத பாலிசி

"அப்பா, பக்கத்து சீட்டுல உக்காந்துட்டு நீங்க வாயத் தொறந்தா காரே கேட்டுட்டு இன்சூரன்ஸ் பாலிசியக் கட் பண்ணிருமுங்க. புதுசா ஓட்டறவங்களுக்கு இதான் விலை கம்மி," என்றாள் நேற்று லைசென்ஸ் வாங்கிய கவின்மலர்.

"நான் எதுக்கு அம்மிணி பேசறேன்?" என்றார் பொன்னுசாமி.

உக்கடம் வரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தார். அங்கே இடப்பக்கமிருந்து ஒரு ஸ்கூட்டர் குறுக்கே புகுந்தது. மகளோ வலது கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, பிரேக்கு!"

கார் குலுங்கி நின்றது, ஸ்கூட்டர் தப்பியது. உடனே காரின் திரை சிவந்தது: 'பயணி இடையூறு. பாலிசி நிறுத்தம். பயணியை இறக்கிவிட்டால் மட்டுமே கார் நகரும்.'

பின்னால் ஹாரன்கள் அலறின. பொன்னுசாமி சீட் பெல்ட்டைக் கழற்றினார். "நான் பஸ்ல வந்தர்றேன். நீ போ சாமி."

கவின்மலர் திரையையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். இதப் படிக்கற நீங்களா இருந்தா அப்பாவ இறக்கி விடுவீங்களா, சொல்லுங்க?