நாலு வேங்கைக் கால்

எச்சில் தொட்டு மரத்தைத் தேய்த்த சென்னியப்ப ஆசாரியின் விரலில் மஞ்சள் ஒட்டியது. அசல் வேங்கை! நன்றாகக் காய்ந்து இறுகிய கட்டில் கால்கள், நாலு. நாலு நாளாகத் தொங்கிக் கிடந்த முகத்தில் அப்போதுதான் ஒரு சிரிப்பு வந்தது.

"இதை எங்கீங்க புடிச்சீங்க? நாமகிரிப்பேட்டை முச்சூடும் சலிச்சுட்டனுங்க, ஒரு முழம் வேங்கை கெடைக்குல."

"எப்படிங்க கெடைக்கும்? கொல்லிமலையில வெட்டற மரம் பூராவும் வெள்ளைக்காரன் சண்டைக்குப் போவுது" என்றான் மரக்கடைக் கந்தவேல். "எவனோ எங்கியோ அடிச்சுக்கறான், இங்க நமக்குக் கடைசல் புடிக்க மரம் இல்லை."

ஆசாரிக்கு வேண்டியது ஒரு தொட்டிலுக்கான மரம். கைலாசக் கவுண்டரின் பேரனுக்கு வெள்ளிக்கிழமை தொட்டில் போடுகிறார்கள். வேங்கைதான் வேண்டும் என்று கவுண்டர் ஒற்றைக் காலில் நின்றார்.

"வெள்ளிக்கிழமை விடியறப்பத் தொட்டில் வந்துட்டா, எஞ் சவாரி வண்டியிலயே உம் பொண்டாட்டியச் சேலம் பெரியாசுபத்திரிக்கு அனுப்பறேன். வரலியா, எங்காட்டு நெலத்துல இருக்கற உம் பட்டறையைப் பிரிச்சுக்க." கவுண்டர் பேசியது அவ்வளவுதான்.

பெண்டாட்டி சௌந்திரத்துக்கு இருபது நாளாகக் காய்ச்சல், உடம்பு நெருப்பாகக் கொதித்தது. பட்டறை போனால் வேறு ஊர் பார்த்துக்கொள்ளலாம். அவள் போனால்? மனுசன் அதை நினைக்கவே பயந்தார்.

"பச்சை மரத்தைக் கடைஞ்சா பத்தாம் நாளே வெடிச்சுக்குமுங்க. இது அம்சமா இருக்குது. எடுத்து வைங்க" என்றார் கந்தவேலிடம்.

கந்தவேல் குரலைத் தணித்தான். "உங்ககிட்ட மறைக்கப்படாதுங்க ஆசாரி. இது சுடுகாட்டுல இருந்து வந்தது. ஒரு பெரியவர் படுத்த கட்டில்லயே போயிட்டாரு. பொணத்தோட கட்டிலையும் கொண்டாந்து போட்டுட்டாங்க. நீங்க கடைஞ்சு அரக்கு ஏத்திட்டா எவனுக்குத் தெரியப் போவுது?"

ஆசாரி வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார். "அட போங்க! பச்சைக் கொழந்தையப் போடற தொட்டிலுங்க. அந்தப் பாவம் எங்கையால ஆவாதுங்க." விரலை வேட்டியில் துடைத்துத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

சாயங்காலம் அவர் வீடு திரும்பியபோது சௌந்திரம் கட்டிலில் கிடந்தாள். கல்யாணமான வருசம் அவர் ஆசை ஆசையாகக் கடைந்து போட்ட வேங்கைக் கட்டில். காய்ச்சல் விட்டால்தான் அதைவிட்டு இறங்கலாம் என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"ஏனுங்க, மரம் கெடைச்சுதுங்களா?"

நடந்ததைச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே கிடந்தாள்.

"செத்தவங்க கட்டில் அத்தனை தீட்டுங்களா?"

"பின்னே? தொட்ட கையைக் காவேரியிலதான் கழுவோணும்."

"உசுரோட இருக்கறவங்க கட்டில்னா?"

"உசுரோட இருக்கறவன் கட்டிலை எவன் குடுப்பான், புள்ள? நீ பேசாமக் கஞ்சியைக் குடி."

அவள் குடிக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் வியாழக்கிழமை. பக்கத்து ஊரில் ஒரு பழைய வீட்டைப் பிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பொழுது கிளம்புமுன்னே நடையைக் கட்டினார் ஆசாரி. தூண் ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிப் பார்த்தார். எல்லாவற்றையும் உள்ளே கரையான் தின்று தீர்த்திருந்தது.

"வேங்கையாம் வேங்கை! புளியமரத்துல தொட்டில் போட்டா உம் பேரனுக்குத் தூக்கம் வராதா?" வழியெல்லாம் கவுண்டரை வாய்க்கு வந்தபடி வைதுகொண்டே திரும்பினார். கேட்க ஆளில்லாத இடத்தில்தான் வைய முடிந்தது.

வாசலில் பக்கத்து வீட்டுச் சுப்பம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். ஆசாரியைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டாள்.

உள்ளே சௌந்திரம் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். கட்டிலின் கயிறெல்லாம் உருவப்பட்டு, வெறும் சட்டமாகச் சுவரில் சாய்ந்திருந்தது. ஆசாரிக்கு அது கண்ணிலேயே படவில்லை. இருபது நாளாகக் கால் தரையில் படாதவள் இறங்கிவிட்டாள்!

"எறங்கிட்டயா சாமி!"

ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தார். நேற்றுவரை கொதித்த கை இன்றைக்குச் சில்லென்று இருந்தது.

"காச்சல் உட்டுருச்சு பாரு புள்ள! கவுண்டன் வண்டியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். பட்டறையைப் பிரிச்சுக்கிட்டு எங்கியாச்சும் போயிப் பொழச்சுக்கலாம். நீ எந்திரிச்சயே, அது போதும் எனக்கு!" சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். கிழவன் ஆகப்போகிற வயதில் குழந்தைபோல அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

சௌந்திரம் மூச்சு வாங்கினாள். சாய்த்து வைத்த கட்டிலின் பக்கம் கண்ணைத் திருப்பினாள்.

"நான்தானுங்க சுப்பம்மாகிட்ட என்னைய எறக்கி உடச் சொன்னேன். கட்டில்ல உசுரு போயிட்டா, அந்த மரம் தொட்டிலுக்கு ஆவாதுங்களே."