வலது ஓரத்து மான்

காட்டுப் பந்தாட்டக் குழுவில் யானைதான் பந்தை வீசும். வலது ஓரத்தில் மான் பாய்ந்து பிடித்து எல்லைக் கோட்டைத் தாண்டும். மற்றவர்கள் கூடவே ஓடுவார்கள், அவ்வளவுதான்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் தலைவர் கரடி வந்தது. "மானை மலைக் குழுவுக்குக் கொடுத்துட்டேன். பதிலுக்கு ரெண்டு கீரி வருது."

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த யானைக்குப் புரையேறியது. "மானையா? நாளைக்கு அவங்களோடதானே ஆட்டம்!"

மறுநாள் எதிரணியில் நின்ற மானைப் பார்த்ததும் யானைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழக்கதோஷத்தில் பந்தை வலது ஓரத்துக்கே வீசியது. மான் சிரமமில்லாமல் பிடித்துக்கொண்டது. மறுபடி வீசியபோதும் அப்படியே ஆனது. கூட்டம் சிரித்தது.

"அண்ணே! இந்தப் பக்கம் பாருங்க!" என்று இடது ஓரத்திலிருந்து ஒரு முயல் கத்தியது.

வேறு வழியில்லாமல் யானை அங்கே வீசியது. முயல் துள்ளிப் பிடித்துக் கீரியிடம் தள்ள, கீரி கோட்டைத் தாண்டியது. அடுத்த பந்து காட்டுப்பன்றிக்குப் போனது. எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் மான் நடுவிலேயே திணறியது. யானையின் குழு ஜெயித்துவிட்டது.

யானை முயலைத் தட்டிக்கொடுத்தது. "பிரமாதம்ப்பா! நீயும் கீரிகளோட நேத்து வந்தவன்தானே?"

"இல்லண்ணே," என்றது முயல், மூச்சு வாங்கியபடி. "மான் வர்றதுக்கு முன்னாலேருந்தே உங்ககூடத்தான் ஆடுறேன்."

யானை தும்பிக்கையைத் தாழ்த்திக் குனிந்து முயலின் முகத்தை உற்றுப் பார்த்தது.

"உன் பேரு என்ன, தம்பி?"