இருட்டுச் சோதனையில் ஏழு

ஒரே ஓர் ஒளித்துகளின் விலை நாற்பது லட்சம். பேரம் பேசினால் முப்பத்தெட்டு. நுண்ணோக்கிக்கு டிடெக்டர் விற்பவர் அப்படித்தான் சொல்வார். அவருடைய கருவி வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்து, துகள் துகளாக எண்ணும்; அதற்குத்தான் அந்த விலை.

அன்று இருட்டுச் சோதனை. விளக்கை அணைத்துப் மாதிரி வைக்கும் பெட்டியைக் காலியாக மூடினால் எண்ணிக்கை பூஜ்யம் வரவேண்டும். வந்தால்தான் ஆய்வகத் தலைவி கையெழுத்துப் போடுவார். போடாவிட்டால் விற்பவருக்கு வேலை போய்விடும். மூன்று முறை அணைத்துப் போட்டும் பச்சையில் மட்டும் ஏழு.

"என்ன சார், புது மெஷினே ஒழுகுதா?"

"ஒழுகலைங்க மேடம், உள்ளேருந்து யாரோ குடுக்கறாங்க. திருப்பிக் குடுத்துட்டாப் போச்சு!"

சிரித்துக்கொண்டே, துகள்களை எண்ணி அனுப்பும் விளக்கால் காலிப் பெட்டிக்குள் பச்சை ஒளியை அனுப்பிவிட்டு அணைத்தார். மறுபடி சோதித்தார். திரையில் ஒன்று.

"இன்னும் ஒண்ணு இருக்கே?" என்றார் தலைவி.

விற்பவர் விளக்கில் தான் வைத்த எண்ணைக் குனிந்து பார்த்தார். ஏழுக்குப் பதில், அவசரத்தில் எட்டு வைத்திருந்தார்.

அடுத்த சோதனையில் பூஜ்யம். சோதனைத் தாளில் விற்பவர் எழுதினார்: வந்தது ஏழு, கொடுத்தது எட்டு, மீதி ஒன்று பெற்றுக்கொள்ளப்பட்டது. பாக்கி இல்லை.