பெட்டி மாற்றுகிறவர்

பில் போட்ட கையோடு அந்தப் பெரியவர் செய்த காரியத்தைப் பார்த்து அவளுக்குச் சுருக்கென்றது.

கடை வாசலை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்தார். அப்போதுதான் வாங்கிய பிஸ்கட் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்த பாக்கெட்டை உருவினார். பையிலிருந்து ஒரு பழைய காலிப் பெட்டியை எடுத்து அதற்குள் செருகினார். பழசென்றால் படு பழசு. ஓரமெல்லாம் செலோ டேப். புதுப் பெட்டியை அமுக்கி மடக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

அந்தப் புதுப் பெட்டி அவள் பெற்ற பிள்ளை மாதிரி. பிஸ்கட் கம்பெனியில் பெட்டிகளுக்கு டிசைன் போடுவதுதான் அவள் வேலை. சிவப்புப் பெட்டி, நடுவில் குடை பிடித்த முயல் என்று காலங்காலமாக இருந்ததை மாற்றி, வெள்ளையில் ஒரே ஒரு பச்சைக் கோடு என்று கொண்டுவந்திருந்தாள். கடையில் எல்லாப் பெட்டியும் கத்தும்போது, மெதுவாகப் பேசுவதைத்தான் ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது அவள் கட்சி.

பார்க்கிறார்களா என்று தெரிந்துகொள்ளத்தான் காலையிலிருந்து பிஸ்கட் அலமாரிப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தாள். யார் கண் எங்கே முதலில் போகிறது, எடுத்ததை ஏன் திரும்ப வைக்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தால் அவளுக்குப் பசி தெரியாது. ஒரு குழந்தை பச்சைக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தது. ஒரு அம்மா பின்பக்கத்தை மட்டும் படித்தாள். ஆனால் காசு கொடுத்து வாங்கிவிட்டுப் பெட்டியைத் தூக்கி எறிந்தவர் இவர் ஒருவர்தான்.

விடுவாளா? பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தான் இன்னார் என்று சொல்லி, புதுப் பெட்டியில் என்ன குறை என்று கேட்டாள்.

பெரியவருக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. "குறை ஒண்ணும் இல்லம்மா. கண்ணுக்குக் குளிர்ச்சியாத்தான் இருக்கு. ஆனா வீட்ல ஆகாது. முயல் இருந்தாத்தான் உள்ளேயே விடுவாங்க."

"யாரு?"

"வீட்டம்மாதான்."

அவளுக்கு ஆள் பிடிபட்டுவிட்டது. முயல் எங்கே என்று கேட்டு வருகிற புகார்களைப் படித்து ஆபீசில் எல்லாரும் சிரிப்பது இப்படிப்பட்டவர்களைப் பற்றித்தான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். பிஸ்கட் அதேதான், ருசியும் அதேதான். அட்டையில் இருக்கிற ஒரு படத்துக்காக இந்த வயதில் கட்டின புருஷனைத் தில்லுமுல்லு பண்ண வைக்கிறவள் எப்படிப்பட்டவளாக இருப்பாள்?

பார்த்தே தீர வேண்டும் போலிருந்தது. கோபம் கொஞ்சம், ஆர்வம் மிச்சம். ரெண்டே கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடுகிறேன் என்று கெஞ்சினாள்.

அவர் பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க. ஆனா அவ என்ன சொன்னாலும் சரின்னு கேட்டுக்கணும். எதிர்த்துப் பேசிடாதீங்க."

வழியெல்லாம் அவருக்குப் பெட்டிக் கவலைதான். கையில் இருப்பது இது ஒன்றுதானாம். முயலின் முகம் தேய ஆரம்பித்துவிட்டதாம். இதுவும் போய்விட்டால் என்ன செய்வதென்றே தெரியவில்லையாம். அவள் ஆபீஸ் கிடங்கில் பழைய பெட்டிகள் மடித்தபடி கட்டுக் கட்டாகக் கிடந்தன. ஒரு பிடிவாதக்காரிக்குத் தீனி போடுவானேன் என்று அவள் வாயைத் திறக்கவில்லை. மறுநாளே அத்தனையையும் அவளே சுமந்துகொண்டு வந்து கொடுத்தது வேறு விஷயம்.

வீடு வந்தது. சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. ஆனாலும் அவர் கதவைத் தட்டிவிட்டு, முயல் தெரிகிற மாதிரி பெட்டியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். சொந்த வீட்டு வாசலில் ஒரு மனுஷன் இப்படியா நிற்பது என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கதவைத் திறந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. பெட்டியைத்தான் பார்த்தாள். பார்த்ததும் முகம் மலர்ந்து, வாங்க வாங்க என்று வழிவிட்டாள். பெரியவர் நேரே சமையலறைக்குப் போய் டீக்குத் தண்ணீர் வைத்தார். அம்மாள் சாவகாசமாக உட்கார்ந்து, விருந்தாளிக்கும் ஒரு நாற்காலியைக் காட்டினாள். எதிர்ச் சுவரில் அவர்களுடைய கல்யாணப் படம். மாப்பிள்ளையாக நின்றவருக்கும் பெரியவருக்கு இருப்பது போலவே விடைத்த காது.

கடையில் எத்தனையோ பிஸ்கட் இருக்கும்போது ஏன் இதையே கேட்கிறீர்கள் என்று ஆரம்பித்தாள்.

"என் வீட்டுக்காரர் எப்பவும் இதைத்தான் வாங்கிட்டு வருவார். முயல் இருந்தா அது நம்ம வீட்டுக்குன்னு வந்தது. வேற எதையாவது தூக்கிட்டு வந்து நின்னா நான் கதவையே திறக்க மாட்டேன். யாரோ எவரோ, எப்படி நம்புறது?"

சரிதான் என்றாள் அவள், கொடுத்த வாக்குக்காக.

சமையலறையில் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. அம்மாள் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, கல்யாணப் படத்தைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவர் வெளியூர் போயிருக்கார், இன்னும் வரலை. உள்ளே டீ போடுறாரே, இவர் யாருன்னு கேட்டா சிரிச்சுட்டே நகர்ந்துடறார். ஆனா தங்கமான மனுஷர்மா. என் வீட்டுக்காரர் திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்லாம பார்த்துக்கிறார்."