பதினேழாம் இருக்கை

தனியார் பேருந்துக்கான முன்பதிவு மென்பொருள் ஐந்து மாதம் தாமதமாகியிருந்தது. பெரிய பிழை ஒன்றுதான் பாக்கி. யாரும் பதியாமலே பதினேழாம் இருக்கை நிரம்பியதாகக் காட்டியது. மென்பொருளை எழுதிய சுதீஷ் ஆறு முறை சரிசெய்தான்.

"பின்னையும் வந்துட்டு," என்றாள், அதைச் சோதித்துப் பார்க்கும் ஆதிரா.

ஒப்பந்தம் போய்விடுமே என்று, பிழைப் பட்டியலில் 'கடும் பிழை' என்பதைச் 'சிறு பிழை' என்று மாற்றி ஒப்படைத்துவிட்டார்கள்.

வெள்ளோட்டத்துக்கு சுதீஷும் நாகர்கோவிலில் ஏறினான். இலவசம் என்பதால் பலர் நின்றுகொண்டு வந்தார்கள். பதினேழில் மட்டும் யாரும் உட்காரவில்லை. அருகில் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றாள்.

"காலியாதான கெடக்கு, இருங்கக்கா."

அவள் இருக்கையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆளு இருக்குல்லா மக்கா."

களியக்காவிளையில் பேருந்து நின்றதும், அவள் ஒதுங்கி யாருக்கோ வழிவிட்டாள். சுதீஷின் கைபேசியில் பதினேழு முதன்முறையாகக் காலி என்று காட்டியது.