முப்பத்திரண்டு எழுத்து

இராணுவ முகாம் ஜீப்பின் முன் இருக்கையில் குணேஸ்வரி ஏறிப்போனதைக் கப்பல்துறைச் சனம் முழுக்கப் பார்த்தது. பிறகென்ன, பின்னேரத்துக்குள் அவள் உளவாளி ஆகிவிட்டாள். பின்னால் இரண்டு பேர் துவக்கோடு இருந்ததை ஒருத்தரும் கணக்கில் எடுக்கவில்லை.

முகாம் அறைக்கு ஒரே கதவு. அதிகாரி அதைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தமிழ் நன்றாகவே பேசினார்.

"மிஸ் அச்சகத்தில டைப் செய்யிறவதானே? இது நாங்க பிடிச்சு வச்சிருக்கிற சின்னராசாட பென் டிரைவ். இதில இருக்கிற கடிதத்தை வாசிச்சுச் சொல்லுங்க."

திரையில் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று கிடந்தன. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் அப்படித்தான் தெரியும். இந்த வில்லங்கம் விளங்காமல், இரகசியச் சங்கேதம் என்று சொல்லி மூன்று நாள் சின்னராசாவை அடித்திருந்தார்கள், பாவம்.

"நாங்க ஏதும் மாத்தினம் எண்டு பிறகு சொல்ல ஏலாது," என்றார் அதிகாரி பெருமையாக. "பிடிச்ச அண்டைக்கே கம்பியூட்டர்ல இந்தக் கடிதத்துக்கு ஒரு இலக்கம் எடுத்தாச்சு. முப்பத்திரண்டு எழுத்து. அவன்ட மனிசிக்குக் குடுத்த ரசீதிலயும் இருக்கு. கடிதத்தில ஒரு புள்ளி மாறினாலும் இலக்கம் வேற வரும்."

குணேஸ்வரி கொண்டுவந்த சீடியிலிருந்து பாமினியை ஏற்றினாள். எழுத்துருவை மாற்றியதும் தமிழ் வந்தது.

"மூதூருக்கு மூண்டு படகு போகுது. சாமானை ஏத்தி விடுங்கோ."

"சாமான் எண்டா ஆயுதம்."

"அரிசியும் மாவும், சேர். அகதிச் சனத்துக்கு. எங்கட வீட்டிலயும் ரெண்டு கொத்து அரிசி குடுத்தனாங்கள்."

"ஆயுதம்," என்று சொல்லி எழுதிக்கொண்டார். அந்த ஒரு சொல் போதும், சின்னராசா இருபது வருடம் உள்ளே இருக்க.

குணேஸ்வரி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வாசிக்காமல் இருந்திருந்தால் அவளும் உள்ளேதான். வாசித்ததால் அவன் உள்ளே. இடக்கை விரல்கள் இரண்டு விசைப்பலகையின் ஓரத்தில் அழுந்திக் கிடந்தன.

"கை நடுங்குது, மிஸ்."

"ஓம், சேர். பயமாக் கிடக்குது."

வாசலில் சின்னராசாவின் மனைவி இராசமலர் காத்து நின்றாள். மண்ணை அள்ளித் தூற்றினாள். "வாசிச்சுக் குடுத்திட்டியேடி! நல்லா இருப்பியோ நீ?" காவலாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குணேஸ்வரி தலையில் விழுந்த மண்ணைத் தட்டிவிட்டு நடந்தாள்.

வழக்கு நாளில் குணேஸ்வரியையும் சாட்சியாக இழுத்து வந்தார்கள். சட்டத்தரணி சிவகுருநாதன் ரசீதை நீட்டி, இலக்கத்தை மன்றிலேயே திரும்ப எடுக்கச் சொன்னார். ஓர் எழுத்துக்கூடப் பொருந்தவில்லை. பிடித்த பிறகு மாறிய கடிதத்தை ஏற்க முடியாது என்றார் நீதவான். வேறு சாட்சியம் இல்லை. சின்னராசாவை விடச் சொல்லிவிட்டார்.

வெளியே வந்த இராசமலர் சட்டத்தரணியிடம் அழுகையும் சிரிப்புமாகக் கேட்டாள்: "அதெப்பிடி ஐயா மாறினது?"

"ஆரோ திறந்து, எழுத்துருவை மாத்தி, அப்பிடியே சேவ் பண்ணிப்போட்டான். அந்த மூளை கழண்ட விசரனுக்குக் கோயில் கட்டிக் கும்பிட வேணும், பிள்ளை!"

அவர்களைத் தாண்டிப் போன குணேஸ்வரி, சட்டத்தரணியின் காதோரமாய் மெல்லச் சொன்னாள்:

"விசரன் இல்லை ஐயா, விசரி."