பதினேழாம் அத்தியாயம்

"புருஷனைக் கொன்ன கை இதுதானா? கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

கூலிங் கிளாஸை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டவளின் பின்னால் தோழிகள் மூன்று பேர் வாய்பொத்திச் சிரித்தார்கள். சமையல்காரம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். முழங்கைவரை ஓடிய பழைய தீக்காயத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"சூப் ஆறிடும். போய் உட்காருங்கம்மா."

நாவல் வெளிவந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. ஏரி நடுவே ஒரு தீவு, அதில் பன்னிரண்டு அறை விடுதி, புயலில் படகு நின்றுபோய் மாட்டிக்கொண்ட விருந்தாளிகள், ஒரு கொலை. செத்தவன் விடுதியின் படகோட்டி. கொன்றவள் அவன் பெண்டாட்டி, அங்கேயே சமையல் செய்பவள்.

தீவு இதுதான் என்று படித்தவர்கள் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. இவளுடைய புருஷனும் இங்கே படகோட்டிதான்; ஆறு வருஷத்துக்கு முன்னால் போதையில் படகோடு மூழ்கிப்போனவன். அப்புறம் கேட்க வேண்டுமா? மூன்று மாதத்துக்கு அறையே காலியில்லை. மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை.

"பேரை மாத்தித்தானேக்கா எழுதியிருக்காரு? எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருக்கீங்க?" என்றார் அவர்.

"பேரை மாத்தினாப் போதுமா சார்?"

"கதையைக் கதையாப் பாருங்க. எவன் நம்பப் போறான்?"

போன மழைக்காலம் முழுக்க எழுத்தாளர் நான்காம் அறையில் தங்கியிருந்தார். சமையலறை வாசலில் வந்து நின்று, "நீ சாப்பிட்டியா தங்கச்சி?" என்று கேட்ட ஒரே விருந்தாளி அவர்தான். அவளுக்குக் காய்ச்சல் கண்ட அன்று அவரே கண்ணைக் கசக்கிக்கொண்டு இரண்டு கிலோ வெங்காயம் நறுக்கிக் கொடுத்தார்.

அந்த ஒரு கேள்வியில் விழுந்துவிட்டாள். கூடப் பிறந்தவர்களிடம்கூடச் சொல்லாததையெல்லாம் அவரிடம் கொட்டினாள். புருஷன் அவள் கையில் கொதிக்கும் எண்ணெயை ஊற்றியது உட்பட எல்லாவற்றையும்.

காலையில் மகள் போன் செய்திருந்தாள். நர்சிங் முதல் வருஷம். காலேஜ் ஹாஸ்டலில் அந்தப் புத்தகம் அறை அறையாகச் சுற்றுகிறதாம்.

"அம்மா, எண்ணெய் ஊத்தினது அவருக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன்."

"ஏம்மா சொன்னே? இங்க எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்க்கறாங்க." மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மத்ததெல்லாம் அவரா எழுதினதுதானே?"

"டிபன் சாப்பிட்டியா நீ? கிளாஸுக்கு நேரமாகலை?" என்று கேட்டு போனை வைத்துவிட்டாள்.

மத்தியானப் படகில் எழுத்தாளர் வந்து இறங்கினார். விடுதியிலேயே வாசகர் சந்திப்பு வைத்திருந்தார் மேனேஜர். கைதட்டல் சமையலறைவரை கேட்டது.

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தபோது, நரைமீசைக்காரர் ஒருவர் எழுத்தாளரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். ரிட்டயர்டு போலீஸ் அதிகாரியாம்.

"பதினேழாம் அத்தியாயம் அபாரம் சார்! படகுக்கு அடியில தண்ணி வடியற ஓட்டை, அதோட மூடியைக் கழட்டிட்டு சோப்புக்கட்டியை வச்சு அடைக்கறா. நடு ஏரிக்குப் போறப்ப சோப்பு கரைஞ்சு போகுது. முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒண்ணை நான் கேள்விப்பட்டதே இல்லை. எப்படி சார் தோணுச்சு?"

"எல்லாம் கற்பனைதான்" என்று எழுத்தாளர் அடக்கமாகச் சிரித்தார். அவள் நின்ற பக்கம் அவர் திரும்பவேயில்லை.

"நிஜமா முழுகின படகு இன்னும் இருக்கா?" என்று அதிகாரி மேனேஜரைக் கேட்டார்.

"பின்னால ஷெட்ல கிடக்கு சார். சாப்பிட்டு வாங்க, காட்டறேன்."

சாப்பாடு முடிந்ததும் எழுத்தாளர் சமையலறைக்கு வந்தார். கையில் புத்தகம். முதல் பக்கத்தில், 'என் தங்கச்சிக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவள் கை நீட்டவில்லை.

"கோவமா தங்கச்சி? வெளியில எல்லாரும் உன்னைத்தான் விசாரிக்கறாங்க. நீ இப்ப பிரபலம்."

"அண்ணனா நினைச்சுப் பேசுன்னீங்க. பேசினேன்."

"வேற பேரு, வேற வயசு. நீதான்னு யாரும் நிரூபிக்க முடியாது."

"பேரை மாத்தறேன்னு சொன்னீங்க, மாத்திட்டீங்க. இன்னொண்ணையும் மாத்தறேன்னு சத்தியம் பண்ணீங்களே?"

அவர் புத்தகத்தை மேடையில் வைத்தார். அது சரிந்துவிடாமல் இரண்டு முறை தள்ளி வைத்தார். "மாத்தத்தான் பார்த்தேன். என்ன யோசிச்சும் அதைவிட நல்லதா எதுவும் அமையலை."

ஜன்னலுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. மேனேஜர் பேசிக்கொண்டே அதிகாரியை ஷெட்டுக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். சாவிக்கொத்து குலுங்கியது.

அவள் கதவைச் சாத்தினாள். குரலை உயர்த்தவில்லை.

"சோப்பு வச்சதை உங்க ஒருத்தர்கிட்டதானேண்ணே சொன்னேன்?"